திறந்து வைக்கப்பட்ட அறை

“இனிமே நானா உங்க கையைப் பிடிக்க மாட்டேன்.”

“யாரு பிடிக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. அதைத்தான் நானும் சொல்றேன். நீங்களா வாயைத் திறந்து கேட்டா பிடிப்பேன். அதுவரைக்கும் மாட்டேன்.”

“நான் என்ன குழந்தையா?”

“குழந்தைங்க கேக்கும்.”

இந்தப் பேச்சு நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஆனாலும் சாவிக்காரருக்கு ஒவ்வொரு வார்த்தையும் அப்படியே நினைவிருந்தது. நடந்த இடம், பேருந்துகள் திரும்பும் ஒரு பெரிய முக்கு. இடது பக்கமிருந்து வந்த சைக்கிளை அவர் பார்க்கவில்லை. மனைவி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். காலர் கிழிந்தது. சைக்கிள்காரர் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் சாவிக்காரர், “அவன் மணி அடிக்கல” என்று சாதித்தார். அவன் மணி அடித்தது தெரு முழுக்கக் கேட்டிருந்தது.

மனைவி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அன்றிலிருந்து தெருவில் அவருக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளித்தான் நடந்தாள். கையை மட்டும் நீட்டவில்லை.

அவள் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவள். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்தது போன்ற முகவரிகளையெல்லாம் ஒரு பார்வையில் படித்துச் சரியான பெட்டியில் போடுவாள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு தபால் பெட்டியின் பூட்டு சிக்கிக்கொண்டபோது திறக்க வந்தவர்தான் இவர். இருட்டிக்கொண்டு வந்தது. அவள் டார்ச் எடுத்து வந்து காட்டினாள். “எனக்கு வெளிச்சம் வேணாங்க, விரல் போதும்” என்றார். அவள் அணைக்கவில்லை. அவராகக் கேட்காத அந்த வெளிச்சத்தில்தான் பூட்டு திறந்தது, கல்யாணமும் நடந்தது. அதற்குப் பிறகும் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்ப்பார், அவள் நகர்த்துவாள். குடும்பம் நன்றாகத்தான் ஓடியது. இப்போது கொஞ்ச நாளாக அவர் உப்பு என்று நினைத்துப் பார்க்கிற இடத்தில் உப்பு இல்லை.

தொழிலிலும் தகராறு வந்தது. சரியாக வெட்டாத சாவி திரும்பி வரும். கூடவே சாவிக்குச் சொந்தக்காரரும் வருவார். ஒரே வாரத்தில் பதினொரு சாவிகள் வந்தன.

“அண்ணே, இந்தச் சாவி என் வீட்டைத் தவிர மத்த எல்லா வீட்டையும் திறக்கும் போல இருக்கு” என்றார் ஒருவர்.

சாவிக்காரர் பூட்டின் மேல் பழி போட்டார். பிறகு அரத்தின் மேல். பிறகு மழையின் மேல். கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, கடைக்குப் போகிற வழியில், கம்பத்தில் தலை உயரத்துக்குக் கட்டியிருந்த ஒரு தகரப் பலகை அவருடைய இடது புருவத்தில் அடித்தது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, தலையை முழுசாகத் திருப்பி, பலகையைப் படித்தார்.

‘உங்கள் பார்வை, உங்கள் பொறுப்பு. இவண், பார்வை விழிப்புணர்வுத் தலைமையகம்.’

அந்த வகைப் பலகைகள் ஊரில் நாற்பதாயிரம் இருந்தன. அவற்றால் நேரடியாகத் தூண்டப்பட்டுத் தலைமையகத்துக்கு வந்தவர் இவர் ஒருவர்தான் என்று பின்னால் ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சாயிற்று.

அவர் முதலில் போனது பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குத்தான். அங்கே இருந்த நர்ஸ் புருவத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டுக் கையை விரித்தாள். “கண்ணு பாக்குற மெஷின் எதுவும் எங்ககிட்ட இல்லைங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல இருந்த எல்லா மெஷினையும் தலைமையகத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாம் ஒரே இடத்துல இருந்தா மக்களுக்கு வசதியாம். நீங்க அங்கயே போங்க.”

தலைமையகம் கண் வடிவத்தில் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் முழங்கால் உயரத்தில் ஒரு அறிவிப்பு இருந்தது. எழுத்துகள் கடுகளவு. குனிந்து, உட்கார்ந்து, கடைசியில் மண்டியிட்டுப் படித்தார். ‘பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மறு வாசலுக்குச் செல்லவும்.’ மறு வாசல் எந்தப் பக்கம் என்று அதைவிடச் சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

அவர் நேர் வாசலிலேயே போனார். வரவேற்பு மேசையில் ஒரு பெண் கண் படம் போட்ட பனியனில் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன விஷயமா வந்தீங்க சார்?”

“கண்ணைக் காட்டணும்மா.”

“விழிப்புணர்வு இருக்கா?”

“இருக்கப் போயித்தாம்மா வந்தேன். இடது பக்கம் சுத்தமா தெரியல.”

“அது கவலை சார். விழிப்புணர்வு வேற.” அவள் குரலில் கோபம் இல்லை. இதை ஒரு நாளைக்கு இருபது தடவை விளக்குகிறவளின் பொறுமைதான் இருந்தது. “கவலை யாருக்கு வேணும்னாலும் வரும். விழிப்புணர்வுக்குன்னா சான்றிதழ் உண்டு. ரெண்டு நாள் பயிற்சி, கடைசியில ஒரு சின்னத் தேர்வு. சான்றிதழ் கையில இருந்தாத்தான் உங்க கண்ணைப் பாக்க முடியும். விழிப்புணர்வே இல்லாத கண்ணைப் பாத்து என்ன சார் பிரயோஜனம்?”

சாவிக்காரர் பயிற்சியில் சேர்ந்தார்.

பயிற்சி அரங்கில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் பதினான்கு பக்கப் படிவம் ஒன்று கொடுத்தார்கள். பதினான்காம் பக்கத்தின் அடியில், கோடு என்று நினைக்கும்படி ஒரு வரி இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அவர்தான் படித்துச் சொன்னார்: ‘இந்த வரியைப் படிக்க முடியாதவர்கள் இதன் கீழ் கையொப்பமிடவும்.’ இதுவரை ஒருவரும் கையொப்பமிட்டதில்லையாம். ஊரில் எல்லோருக்கும் பார்வை தெளிவு என்பதற்குத் தலைமையகம் வைத்திருந்த முதல் ஆதாரம் அது.

இரண்டாவது ஆதாரத்தை இயக்குநரே வந்து விளக்கினார். உயரமான மனிதர். சுவரொட்டிகளில் வரும் அதே கறுப்புக் கண்ணாடியைக் கட்டடத்துக்குள்ளேயும் போட்டிருந்தார். மேசைக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

“அன்பர்களே, ஜனங்க கண் பரிசோதனைன்னா ஏன் பயப்படுறாங்க? யோசிச்சுப் பாருங்க. சுவத்துல ஒரு அட்டை மாட்டியிருக்கோம். அதுல என்ன எழுத்து இருக்கும்னு தெரியாது. கேள்வித்தாள் தெரியாம பரீட்சைக்கு வான்னா யாருக்குத்தான் பயம் வராது? நான் இந்த நாற்காலிக்கு வந்ததும் முதல் வேலையா அந்த அநியாயத்தை ஒழிச்சேன். அட்டையில இருக்கற ஒன்பது வரியையும் அச்சடிச்சு வீட்டுக்கு வீடு குடுத்தோம். பாட்டா மெட்டுப் போட்டோம். பள்ளிக்கூடத்துல உறுதிமொழியாக்கினோம். முன்னாடி நூத்துக்கு இருபது பேரு பரிசோதனையில தோத்தாங்க. இன்னிக்கு எத்தனை பேரு?”

“ஒருத்தர்கூட இல்லை!” என்றது அரங்கம். அதற்கும் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

“ஒரு கண்ணாடி இல்லாம, ஒரு சொட்டு மருந்து இல்லாம, பார்வைக் குறைபாட்டை ஒழிச்ச ஊர் இது!”

சாவிக்காரருக்கு அந்தப் பாட்டு தெரியும். தலைமையகத்தின் ஒலிபெருக்கி வேன் நாளுக்கு நான்கு முறை அவர் கடையைக் கடந்து போகும். ‘ப! ட, ம! ய, ர, க!’ என்று தொடங்கி ஒன்பதாவது வரி வரைக்கும் ஒரு பெண் குரல் கைத்தட்டலோடு பாடும். அரத்தை இழுக்கும் தாளத்துக்கு அது பொருந்திப் போனதால், அவர் அறியாமலே அதற்குச் சாவி ராவிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் மாலை தேர்வு. நீண்ட தாழ்வாரத்தின் ஒரு முனையில் நாற்காலி. மறுமுனையில் சுவர். நடுவில் ஒரு தேர்வாளர், கையில் விடைத்தாளோடு, அதை மூக்கில் ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

சாவிக்காரர் உட்கார்ந்து பார்த்தார். மறுமுனையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எழுத்து என்று ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லையென்றால் கண்ணைப் பார்க்க மாட்டார்கள். நாளை மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

“படிங்க” என்றார் தேர்வாளர்.

“ப” என்றார். “ட, ம. ய, ர, க.” மனதுக்குள் வேன் ஓடியது. ஒன்பது வரியும் முடிந்தபோது, பாட்டில் வருகிற கைத்தட்டலைக்கூட அவர் கை தன் போக்கில் தட்டிவிட்டது.

“அபாரம்!” தேர்வாளர் விடைத்தாளில் ஒன்பது டிக் போட்டார். பிறகு எதையோ சரிபார்க்கச் சுவர்ப் பக்கம் நடந்து போனார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். அட்டையை லேமினேஷன் போட இரண்டு நாளைக்கு முன்பே எடுத்துப் போயிருந்தார்கள். சுவரில் ஒரு ஆணி மட்டும் இருந்தது.

தேர்வாளர் நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

வரவேற்பு மேசைப் பெண் சான்றிதழை நீட்டினாள். சாவிக்காரர் மூச்சு விட்டார்.

“இப்ப கண்ணைக் காட்டலாமாம்மா?”

“எதுக்கு சார்?” அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். “முழுப் பார்வைன்னு போட்டிருக்கே. நல்லா இருக்கற கண்ணை யாராவது பரிசோதனை பண்ணுவாங்களா?”

வெளியே போக இடது பக்கம் திரும்ப வேண்டும். அவருக்கு இடது பக்கம் என்று ஒன்று இல்லாததால் நேராகப் போய், மாடிப்படியில் ஏறி, மூன்றாம் மாடியில் நின்றார். அங்கே ஒரு பூட்டிய கதவு. கதவில் பெரிய பித்தளைப் பலகை: ‘கண் பரிசோதனைக் கூடம். மாண்புமிகு விருந்தினரால் திறந்து வைக்கப்பட்டது.’ கதவுக்கு எதிரே ஒரு மேசை. அதன்மேல் மலையாகச் சித்திரங்கள். மலைக்குப் பின்னால் ஒருவர், ஒரு குழந்தை வரைந்த கண்ணில் இமை மயிரை எண்ணிக்கொண்டிருந்தார்.

“கண் டாக்டர் இருக்காரா?”

“இருந்தேன்” என்றார் அவர். “இப்ப ஓவியப் போட்டிக்கு நடுவர். மூணு வருஷமா கண்ணைப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எல்லாம் கிரேயான் கண்ணு. என்ன வேணும்?”

சாவிக்காரர் சொன்னார். டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். தாழ்வாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“வலது கண்ணை மூடுங்க. நேரா பாருங்க. தலையைத் திருப்பக் கூடாது.” அவர் அப்படியே இடது பக்கமாக நகர்ந்தார். “இப்ப நான் எங்க நிக்கிறேன்?”

“போயிட்டீங்கன்னு நினைச்சேன்” என்றார் சாவிக்காரர்.

டாக்டர் மறுபடி அவர் எதிரே வந்து நின்றார். பிறகு, “அந்தக் கண்ணை விடுங்க. வலது கண்ணுல எப்படித் தெரியுது?” என்று கேட்டார்.

“அது நல்லாத்தாங்க தெரியுது. என்ன, சாவித் துவாரம் வழியா பாக்குற மாதிரி இருக்கு. சாவிப் பல்லைப் பாத்தா அரம் தெரியல. அரத்தைப் பாத்தா பல்லு தெரியல.”

“உக்காருங்க.” டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “இது கண் அழுத்தமா இருக்கலாம். சத்தமே இல்லாம ஓரத்துல இருந்து அரிச்சுக்கிட்டு வரும். வலி கிடையாது. அதனால நடு மையத்துக்கு வர்ற வரைக்கும் ஆளுக்குத் தெரியாது. போனது திரும்பாது, அதை மறைக்காம சொல்லிடறேன். ஆனா இருக்கறதைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து இருக்கு. எந்த அளவுக்கு அழுத்தம்னு பாத்துட்டுத்தான் குடுக்க முடியும். பாக்குற மெஷின்...” அவர் கதவைப் பார்த்தார்.

“உள்ள இருக்கா?”

“ஊர்ல இருந்த அத்தனை மெஷினும் உள்ளதான் இருக்கு.”

“திறக்க வேண்டியதுதானே?”

“திறப்பு விழா அன்னிக்குச் சாவியை ஒரு வெல்வெட் தட்டுல வச்சுக் குடுத்தோம். விருந்தினர் பூட்டைத் திறந்தார், ரிப்பனை வெட்டினார், மறுபடி பூட்டிட்டு, சாவியை ஞாபகார்த்தமா எடுத்துக்கிட்டுப் போயிட்டார். இப்ப அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில இருக்கு. நான் மனு போட்டேன். ‘ஏற்கெனவே திறந்து வைக்கப்பட்ட அறையை மீண்டும் திறக்க விதிகளில் இடமில்லை’ன்னு பதில் வந்தது. கதவை உடைக்கலாம்னா, திறந்திருக்கற கதவை உடைக்கறது குற்றமாம்.”

சாவிக்காரர் எழுந்து போய்ப் பூட்டைத் தடவிப் பார்த்தார். நாட்பட்டுப் போன வலி ஒன்று சட்டென்று விட்டதைப் போல அவர் முகம் மாறியது.

“டாக்டர், நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லையே. நான் சாவிக்காரன்.”

டாக்டர் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. சாவி செய்யக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அப்படி ஒருவர் செய்யக்கூடும் என்று யாருக்கும் தோன்றாததுதான் காரணம்.

மறுநாள் சாவிக்காரர் பல் வெட்டாத சாவிகளும் அரமும் எடுத்துக்கொண்டு வந்தார். அசல் இல்லாமல் சாவி செய்ய ஒரு வழி உண்டு. வெறுஞ்சாவியைப் பூட்டில் நுழைத்து அழுத்தித் திருகினால், உள்ளே தடுக்கிற இடங்களில் முடி கனத்துக்கு மினுமினுப்பான தடம் விழும். அந்த இடத்தில் மட்டும் ராவ வேண்டும். மறுபடி நுழைக்க வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக அவர் செய்கிற வேலை. விரல் போதும் என்று சொல்லுவாரே தவிர, இந்த வேலையை இத்தனை நாள் செய்தது கண்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தடம் தெரியவில்லை. முதல் சாவி பாதி நுழைந்து நின்றது. இரண்டாவது உள்ளே போய்ச் சும்மா சுற்றியது. மூன்றாவது ஒடிந்தது.

கண்ணைப் பார்க்க அறை திறக்க வேண்டும். அறை திறக்கச் சாவி வேண்டும். சாவிக்குக் கண் வேண்டும். டாக்டரும் சாவிக்காரரும் தரையில் உட்கார்ந்து அந்தப் பித்தளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல கண்ணுள்ள ஒருத்தர் பக்கத்துல இருந்து, நீங்க சொல்லச் சொல்ல ராவினா?” என்றார் டாக்டர். “நான் ராவலாம், ஆனா இத்தனை வருஷமா இமை மயிர் எண்ணி என் கண்ணே போச்சு. வீட்டுல யாரும் இல்லையா?”

“இருக்கா.”

“கேளுங்களேன்.”

“கேட்டதில்லைங்க.”

“எதைக் கேட்டதில்லை?”

“எதையுமே.”

டாக்டருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததால் மேலே கேட்கவில்லை. “சனிக்கிழமைக்குள்ள முடிங்க” என்று மட்டும் சொன்னார். “திங்கட்கிழமையிலிருந்து ஒரு வருஷத்துக்கு என்னை விழிப்புணர்வு ஊர்வலத்தோட வெளியூர் அனுப்புறாங்க. நான் கண் வேஷம் போட்டு முன்னாடி நடக்கணும். ஒரு வருஷம் உங்க கண்ணு காத்திருக்காது.”

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து வந்தபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. அவளே பிரித்த மூட்டையில், அவளே கண்டெடுத்தது.

“என்னங்க, உங்களுக்கு விருதாம். தலைமையகத்துல இருந்து வாரத்துக்கு மூணு மூட்டை வரும், அத்தனையும் சுவரொட்டிதான். முதல் தடவையா ஒரு ஆளுக்கு எழுதியிருக்காங்க.” டீ டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு அவள் நின்றபடியே படித்தாள். “‘இவ்வாண்டின் தலைசிறந்த கண்.’ ஊர்லயே நல்ல கண்ணு உங்களுக்குத்தானாம். டீ அங்க இல்லை, இந்தப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு விழா. துணைவியாரோட வரணுமாம். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். ஆங், அதான்.”

அவர் டம்ளரைப் பிடித்தார். அவள் எதிரே உட்கார்ந்து, ஒரு முழம் தள்ளி, அவரையே பார்த்தாள்.

“ஏதாவது சொல்லணுமா?”

“இல்லையே.”

“கேக்கணுமா?”

அவர் வாயைத் திறந்தார்.

“டீல சக்கரை கொஞ்சம்...”

“கொஞ்சம்?”

“சரியாத்தான் இருக்கு” என்று குடித்துவிட்டார்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. மேடை உயரமானது. இடது பக்கம் ஐந்து படிகள். படிகளுக்கும் தரைக்கும் சேர்த்து ஒரே கரு நீலக் கம்பளம் விரித்திருந்தார்கள், புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும் என்று. கைப்பிடி கண்ணைக் கெடுக்கிறது என்று கழற்றிவிட்டார்கள். வரவேற்பு மேசைப் பெண் சாவிக்காரரைத் தோளைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டு, அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். மனைவி மூன்றாவது வரிசையில், ஓரத்தில் உட்கார்ந்தாள்.

இயக்குநர் பூ ஜாடியைப் பார்த்து, “தலைவர் அவர்களே” என்று தொடங்கினார்.

“நம் தலைமையகத்தின் மேல் சிலர் ஒரு குறை சொல்கிறார்கள். பத்து வருடத்தில் ஒருவருடைய கண்ணையாவது பார்த்தீர்களா என்று கேட்கிறார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன்: இல்லை! ஒருவரைப் பார்த்தால் இன்னொருவர் ஏமாந்து போவார். பாரபட்சம் நமக்குப் பிடிக்காது. நாம் எல்லோரையும் சமமாகப் பார்க்கவில்லை!”

கைத்தட்டல்.

“நாற்பதாயிரம் பலகைகள் வைத்தோம். அவற்றைப் பார்க்காத ஒரே ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள். காட்ட முடியாது. ஏனென்றால், பார்க்காதவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று வந்து சொல்லவில்லை! என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கண்ணாடியை ஏன் கழற்றுவதில்லை என்று என் மகள் கேட்கிறாள். கழற்றினால் மட்டும் என்ன தெரியப் போகிறது? பார்வை என்பது கண்ணில் இல்லை, நண்பர்களே. பதவியில் இருக்கிறது!”

இன்னும் பெரிய கைத்தட்டல். டாக்டர் மேடையின் பின்வரிசையில், கண் வேஷத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையில், தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“இன்று நாம் பாராட்டும் இந்தச் சாமானியரைப் பாருங்கள். மற்ற ஊர்களில் மக்கள் அட்டையைப் பார்த்துப் படிக்கிறார்கள். அதில் என்ன சாமர்த்தியம்? அட்டையே இல்லாத வெறும் சுவரில், ஒன்பது வரியையும் ஒரு பிழை இல்லாமல் படித்தார் இவர்! இதற்கு மேல் ஒரு பார்வை உண்டா? இனி அட்டையே தேவையில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். அந்த ஆணியையும் பிடுங்கச் சொல்லிவிட்டேன்!”

அரங்கமே எழுந்து நின்றது. இயக்குநர் பதக்கத்தை எடுத்து, ஒரு அடி முன்னால் வந்து, மிகுந்த உணர்ச்சியோடு அதை மைக்கின் கழுத்தில் போட்டார். மைக்கோடு கை குலுக்கினார். புகைப்படக்காரர் நாலு படம் எடுத்தார். யாரோ பதக்கத்தைக் கழற்றிச் சாவிக்காரர் கழுத்துக்கு மாற்றி, மைக்கையும் கையில் திணித்தார்கள்.

“ரெண்டு வார்த்தை பேசிட்டு, அப்படியே இடது பக்கமா இறங்கிடுங்க” என்றது ஒரு குரல்.

இடது பக்கம்.

சாவிக்காரர் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். கரு நீலம். மேடை எங்கே முடிகிறது, படி எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் தெரியவில்லை. எதிரே விளக்குகள். சாவித் துவாரம் அளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டத்தை மெதுவாக நகர்த்தினார். முதல் வரிசையில் யாரோ. இரண்டாவது வரிசையில் யாரோ. மூன்றாவது வரிசை ஓரத்தில், எல்லோரும் கை தட்டும்போது தட்டாமல், மடியில் கை வைத்து, அவரையே பார்த்துக்கொண்டு ஒருத்தி.

சட்டைப் பையில் ஒரு வெறுஞ்சாவியும் ஒரு சின்ன அரமும் இருந்தன. பின்னால் டாக்டர் எழுந்து நின்றுவிட்டது சத்தத்தில் தெரிந்தது.

“வணக்கம்” என்றார். மைக் கீச்சென்றது. “நான் அந்தச் சுவத்துல ஒண்ணும் படிக்கலைங்க. அது வேன் பாட்டு.”

அரங்கம் சிரித்தது. அடக்கமான மனிதர் என்று இயக்குநர் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியிடம் சொன்னார்.

“எனக்கு இடது கண்ணு போயிடுச்சு. வலது கண்ணுல கொஞ்சம் மிச்சம் இருக்கு.”

சிரிப்பு சட்டென்று நின்றது. மூன்றாவது வரிசையில் அவள் எழுந்துவிட்டாள். எழுந்தாளே தவிர, நகரவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாவிக்காரரை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் ஊரைப் பார்க்கவில்லை. அந்தச் சின்ன வட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

“இந்தாம்மா” என்றார், மைக் இருப்பதை மறந்து, வீட்டில் பேசுகிற குரலில். “மூணாவது மாடியில ஒரு பூட்டு இருக்கு. எனக்குத் தடம் தெரியல. நான் சொல்லச் சொல்ல நீதான் ராவித் தரணும். ஆனா அதுக்கு முன்னாடி இந்தப் படி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல...”

இடது கையைக் காற்றில் நீட்டினார்.

“கொஞ்சம் வந்து, என் கையைப் பிடிச்சுக்கிறியா?”